போகும்போது 12 மணித்தியாலம், வரும்போது 29 மணித்தியாலமா?

விசுவமடுவிலிருந்து ஒரு பிள்ளை கேட்டிருக்கிறார். அம்மாவை ஜனவரியில் ரொறொன்ரோவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தூரம் காட்டும் இணையத்தளம் ஒன்றில் கொழும்புக்கும் ரொறொன்ரோவுக்கும் இடையே 13,995 கிலோமீற்றர், பறக்கும் நேரம் சுமார் 16 மணித்தியாலம் என்று இருக்கிறது. ரிக்கற்றில் 18ஆம் திகதி அதிகாலை 2.55க்குக் கொழும்பின் கட்டுநாயக்க விமானநிலையத்தில் ஏறி, டுபாயில் மாறி, அன்றே பிற்பகல் 2.45க்கு ரொறொன்ரோவில் இறங்குவதாகப் போட்டிருக்கிறது. கழித்துப் பார்த்தால் 12 மணித்தியாலம்கூட வரவில்லை. ஏப்ரலில் திரும்பும்போது 20ஆம் திகதி பிற்பகல் 3.30க்கு ஏறி, அடுத்த நாள் இரவு 8.25க்குக் கட்டுநாயக்கவில் இறங்குகிறார். அது கிட்டத்தட்ட 29 மணித்தியாலம். ஏஜென்சிக்காரரைக் கேட்டால் "போக 22" என்கிறார். இதில் எது உண்மை, எங்களைச் சுற்றுப்பாதையில் அனுப்புகிறார்களா என்பது கேள்வி.

உண்மையில் நீங்கள் கேட்பது தூரத்தைப் பற்றி அல்ல என்று நினைக்கிறேன். அம்மா எத்தனை மணித்தியாலம் இருக்கையில் இருக்கப்போகிறார், ஏஜென்சிக்காரரை நம்பலாமா, இந்த இரண்டும்தான் கேள்வி. இரண்டாவதற்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: நம்பலாம். போக 22 மணித்தியாலம் 20 நிமிடம், வர 19 மணித்தியாலம் 25 நிமிடம். அதாவது ரிக்கற்றைப் பார்த்தால் தெரிவதற்கு நேர் எதிர். வரும் பயணம்தான் சுருக்கம்.

நான் வளைகுடாவில் ஒரு விமான நிறுவனத்தின் டிஸ்பாட்ச் மேசையில் பதினேழு வருடம் இருந்தவன். விமானம் ஓட்டுகிற வேலை அல்ல. இன்று எந்தப் பாதையால் போவது, எவ்வளவு எண்ணெய் ஏற்றுவது, காற்று எங்கே எப்படி இருக்கிறது என்று கணக்குப் போட்டு விமானியின் கையில் தாளைக் கொடுக்கிற வேலை. இப்போது வட்டக்கச்சியில் தென்னைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருக்கிறேன். பழைய தாள்கள் கையில் இல்லாவிட்டாலும் கணக்கு மறக்கவில்லை.

முதலில் நேரத்தை எடுப்போம், ஏனென்றால் குழப்பம் எல்லாம் அங்கேதான். ரிக்கற்றில் ஏறும் நேரம் ஏறும் ஊரின் மணிக்கூட்டில் இருக்கும், இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் மணிக்கூட்டில் இருக்கும். இரண்டு வேறு மணிக்கூடுகளைக் கழித்தால் வருவது பயண நேரம் அல்ல. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையே இல்லை. 1996இல் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க என்று அரசாங்கம் மணிக்கூட்டை மே மாதத்தில் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி, ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பி எடுத்தது. 2006 ஏப்ரல் வரை நாடு அந்த நேரத்தில்தான் ஓடியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னிக்குள் மட்டும் பழைய நேரமே இருந்தது. கலியாண வீட்டுக்குச் சொல்ல வந்தால்கூட "பழைய நேரமா, புதிய நேரமா?" என்று கேட்ட காலம். 2002இல் ஏ-9 பாதை திறந்த பிறகு, இரண்டு பக்கத்துக்கும் எல்லையாக இருந்த ஓமந்தையைத் தாண்டும்போது கைமணிக்கூட்டைத் திருகியவர்கள் எத்தனை பேர்! கிளிநொச்சியில் பழைய நேரம் காலை 6 மணிக்கு ஏறி, வவுனியாவில் புதிய நேரம் 9 மணிக்கு இறங்கினால் மூன்று மணித்தியாலம் போலத் தெரியும். உண்மையில் இரண்டரை. திரும்பி வரும்போது வவுனியாவில் 10க்கு ஏறி கிளிநொச்சியில் 12க்கு இறங்கினால் இரண்டு மணித்தியாலம் போலத் தெரியும். அதுவும் இரண்டரைதான். உங்கள் அம்மாவின் ரிக்கற்றில் நடப்பதும் இதுவே. ஓமந்தையில் அரை மணித்தியாலம், இங்கே பத்தரை மணித்தியாலம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இலங்கை நேரம் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னுக்கு. ரொறொன்ரோ குளிர்காலத்தில் ஐந்து மணித்தியாலம் பின்னுக்கு. இரண்டையும் கூட்டினால் பத்தரை. ஆகவே ஜனவரி 18 பிற்பகல் 2.45க்கு அம்மா ரொறொன்ரோவில் இறங்கும்போது விசுவமடுவில் மணி 19ஆம் திகதி அதிகாலை 1.15. அதிகாலை 2.55இலிருந்து அடுத்த நாள் 1.15 வரை எண்ணுங்கள், 22 மணித்தியாலம் 20 நிமிடம் வரும். டுபாய் எங்களுக்கு ஒன்றரை மணித்தியாலம் பின்னுக்கு. உங்கள் ரிக்கற்றில் டுபாயில் இறங்குவது 5.45, திரும்ப ஏறுவது 9.30. இதைப் பிரித்தால் கட்டுநாயக்க–டுபாய் 4 மணித்தியாலம் 20 நிமிடம், டுபாயில் காத்திருப்பு 3.45, டுபாய்–ரொறொன்ரோ 14.15. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்.

திரும்பும்போது ஒரு சின்னப் பொறி இருக்கிறது. மார்ச் மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கனடாவின் பெரும்பகுதி மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளும், நவம்பர் முதல் ஞாயிறு திருப்பி எடுக்கும். ஏப்ரலில் வித்தியாசம் பத்தரை அல்ல, ஒன்பதரை. ரிக்கற்றில் தெரிகிற 28 மணித்தியாலம் 55 நிமிடத்தில் ஒன்பதரையைக் கழித்தால் 19.25. ரொறொன்ரோ–டுபாய் 12.35, காத்திருப்பு 2.40, டுபாய்–கட்டுநாயக்க 4.10. ஜனவரியில் போட்ட பத்தரையையே ஏப்ரலுக்கும் போட்டால் ஒரு மணித்தியாலம் பிழைக்கும். அண்ணனோடு தொலைபேசியில் பேசும் நேரமும் அந்த ஞாயிறிலிருந்து மாறும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

சரி, மணிக்கூட்டுக் குழப்பம் தீர்ந்தது. இப்போது நல்ல கேள்வி வருகிறது. ஒரே டுபாய்க்கும் ஒரே ரொறொன்ரோவுக்கும் இடையில் போக 14.15, வர 12.35. ஒரு மணித்தியாலம் 40 நிமிடம் எங்கே போனது? இதை விளக்கும்போது பலர் பூமி சுழல்வதைக் காரணம் காட்டுவார்கள். அது பிழை. பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுழல்கிறது என்பது உண்மை. எங்கள் வன்னி நிலமே மணிக்குச் சுமார் 1,650 கிலோமீற்றர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் நிலத்தோடு சேர்ந்து காற்றும் போகிறது, காற்றில் மிதக்கிற பிளேனும் போகிறது. சுழற்சி மட்டும்தான் காரணம் என்றால் மேற்கே போகும் பிளேன்தான் முந்த வேண்டும், ஏனென்றால் ரொறொன்ரோ அதை நோக்கி ஓடி வருகிறதே! நடப்பது அதற்கு மாறாக.

காரணம் மேலே வீசும் காற்று. நிலத்திலிருந்து 9 முதல் 12 கிலோமீற்றர் உயரத்தில், நடு அகலாங்குகளில், மேற்கிலிருந்து கிழக்கே ஆறு போல ஒரு காற்றோட்டம் இருக்கிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். குளிர்காலத்தில் அது பலக்கும். வட அத்திலாந்திக்குக்கு மேலே அதன் நடுப்பகுதியில் மணிக்கு 200, 300 கிலோமீற்றர் வேகம் என்பது அதிசயம் இல்லை. 2020 பெப்ரவரியில் ஒரு புயலோடு சேர்ந்து இந்தக் காற்று உக்கிரமாக வீசியபோது நியூயோர்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு 747 விமானம் 4 மணித்தியாலம் 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. நிலத்தை வைத்து அளந்தால் ஒரு கட்டத்தில் அதன் வேகம் மணிக்கு 1,300 கிலோமீற்றரைத் தாண்டியது. ஒலியின் வேகத்தை முறித்துவிட்டது என்று சிலர் எழுதினார்கள், அது சரியல்ல. தன்னைச் சுற்றியிருந்த காற்றைப் பொறுத்தவரை அது வழமையான வேகத்தில்தான் பறந்தது. காற்று அதைச் சுமந்துகொண்டு ஓடியது.

உங்கள் ஊரிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில் விசுவமடுவிலிருந்து பரந்தனுக்குச் சைக்கிளில் போயிருப்பீர்கள். வெளிகளுக்குள் வந்தவுடன் காற்று முகத்தில் அறையும், மிதித்தும் நகராது. அதே பாதையில் திரும்பி வரும்போது கால் சும்மா இருந்தாலும் சைக்கிள் ஓடும். திசைகூடப் பொருந்துகிறது: போக மேற்கு, வரக் கிழக்கு.

கையால் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். டுபாய்–ரொறொன்ரோ மிகக் குறுகிய வழி 11,080 கிலோமீற்றர். பிளேன் அந்தக் கோட்டிலேயே போகாது, ஆகவே 11,400 என்று எடுப்போம். 11,400 என்பது என் அனுமானம், நாளுக்கு நாள் மாறும். ரிக்கற்றில் இருக்கும் நேரம் பறக்கும் நேரம் மட்டும் அல்ல. சில்லுக்கு முன்னால் வைத்த கட்டையை எடுப்பதிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் கட்டையை வைக்கும் வரை உள்ள நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, மெதுவாக ஏறுவது இறங்குவது என்று 40 நிமிடத்தைக் கழித்தால் போக 13.35, வர 11.55 மிஞ்சும். 11,400ஐ இவற்றால் வகுத்தால் போகும்போது மணிக்குச் சுமார் 840, வரும்போது சுமார் 956. இரண்டுக்கும் நடு 898. அதுதான் பிளேனின் சொந்த வேகம். மிச்சம் 58 காற்றின் வேலை. 14 மணித்தியாலமும் 58 கிலோமீற்றரில் காற்று அடிக்கிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை. சில இடங்களில் 150 எதிர்த்து அடிக்கும், சில இடங்களில் ஒன்றும் இராது, சராசரி அப்படி.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. காற்று போகும்போது எடுத்ததை வரும்போது திருப்பித் தந்துவிடும் என்று நினைப்பார்கள். தராது. காற்றே இல்லாவிட்டால் இந்த 11,400 கிலோமீற்றருக்கு 12.40 ஆகும். எதிர்க்காற்றில் 55 நிமிடம் கூடுகிறது, வால்காற்றில் 45 நிமிடம்தான் குறைகிறது. எதிர்க்காற்றில் மெதுவாகப் போவதால் அந்தக் காற்றுக்குள் அதிக நேரம் கிடக்கிறோம், அதனால்தான். சைக்கிளுக்கும் இதே நியாயம்.

அடுத்தது தூரம், சுற்றுப்பாதை பற்றிய சந்தேகம். 13,995 என்ற எண் சரி. கட்டுநாயக்கவின் அகலாங்கு 7 பாகை 11 நிமிடம் வடக்கு, நெட்டாங்கு ஏறத்தாழ 80 பாகை கிழக்கு. ரொறொன்ரோ 43 பாகை 40 நிமிடம் வடக்கு, நெட்டாங்கு ஏறத்தாழ 80 பாகை மேற்கு. ஒரே எண், ஒன்று கிழக்கே மற்றது மேற்கே. தற்செயல்தான், ஆனால் எனக்கு எப்போதும் பிடித்த தற்செயல். இரண்டுக்கும் இடையே 160 பாகை. 180ஆக இருந்திருந்தால் குறுகிய வழி நேராக வடதுருவத்துக்கு மேலால் போயிருக்கும். 160 என்பதால் துருவத்தைக் கொஞ்சம் விலத்திப் போகிறது.

சுவரில் தொங்கும் தட்டையான படத்தில் இதைக் கண்டுபிடிக்க முடியாது. உருண்டையான ஒரு வத்தகப்பழத்தை எடுங்கள். காம்பை வடதுருவம் என்று வையுங்கள். காம்பிலிருந்து அடிவரை ஓடுகிற பச்சை வரிகள்தான் நெட்டாங்குக் கோடுகள். பழத்தின் நடு இடுப்புக்குச் சற்று மேலே ஒரு குண்டூசி, அது கட்டுநாயக்க. கிட்டத்தட்ட எதிர்ப்பக்கம், காம்புக்கும் இடுப்புக்கும் பாதி உயரத்தில் இன்னொன்று, அது ரொறொன்ரோ. இரண்டுக்கும் இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடியுங்கள். நூல் மேற்கே போகாது, வழுக்கிக்கொண்டு காம்புப் பக்கம் ஏறும். உலகத்தில் அந்த நூல் எங்கே போகிறது என்று கணக்கிட்டால்: மகாராஷ்டிரா, பாகிஸ்தானின் பஞ்சாப், ஆப்கானிஸ்தான், உஸ்பெகிஸ்தான், கசகஸ்தான், ரஷ்யா, நோர்வேயின் வடபகுதியில் துரோம்சோ நகரத்தின் அருகே, பிறகு கிரீன்லாந்து, கியூபெக், ரொறொன்ரோ. அதிகபட்சமாக 72 பாகை வடக்கு வரை ஏறுகிறது. நோர்வேயில் அத்தனை தமிழர் இருந்தும், கொழும்பிலிருந்து கனடாவுக்குக் குறுகிய வழி நோர்வேக்கு மேலால் என்று சொன்னால் நம்புகிறவர்கள் குறைவு.

இனி டுபாய் வழியைப் பாருங்கள். கட்டுநாயக்க–டுபாய் 3,290, டுபாய்–ரொறொன்ரோ 11,080, மொத்தம் 14,370. நேர் வழியைவிட 375 கிலோமீற்றர்தான் கூட. பறப்பில் அது அரை மணித்தியாலத்துக்குள். டோகா வழியாகப் போனால் 14,490. லண்டன் வழியாகப் போனால் 14,420. மூன்றுமே ஒன்றுதான் என்று சொல்லலாம். ஆகவே தூரத்தில் உங்களை யாரும் ஏமாற்றவில்லை. இரண்டு பறப்பையும் சேர்த்தால் 18 மணித்தியாலம் 35 நிமிடம், மிச்சம் டுபாயில் காத்திருப்பு. சுற்று என்று ஒன்று இருந்தால் அது நேரத்தில்தான் இருக்கும். எட்டு, பத்து மணித்தியாலம் காக்க வைக்கிற ரிக்கற்றுகள் மலிவாகக் கிடைக்கும். மூன்றே முக்கால் நல்ல இடைவெளி. வயதானவர் ஆறுதலாக நடந்து போக நேரம் இருக்கிறது, முதல் பிளேன் கொஞ்சம் பிந்தினாலும் அடுத்தது தவறாது. ஒரு மணித்தியால இடைவெளியை நான் என் அம்மாவுக்கு எடுத்திருக்க மாட்டேன்.

இணையத்தளம் காட்டும் 16 மணித்தியாலம் எங்கிருந்து வருகிறது என்றால், 13,995ஐ 900ஆல் வகுத்து, ஏறி இறங்க என்று அரை மணித்தியாலம் கூட்டியிருக்கிறார்கள். அதற்குக் காற்றும் தெரியாது, திசையும் தெரியாது, அந்தப் பாதையில் பிளேன் ஓடுகிறதா என்பதும் தெரியாது. அதே சூத்திரத்தைக் கிளிநொச்சியிலிருந்து கட்டுநாயக்கவுக்குப் போட்டால் காக்கை பறக்கும் தூரம் 250 கிலோமீற்றர், 47 நிமிடம் என்று சொல்லும். வான் பிடித்து ரோட்டால் போகிற எங்களுக்குத்தான் உண்மை தெரியும். தூரம் மட்டும் நம்பத் தகுந்தது. ஒவ்வொரு தளமும் பத்து, இருபது கிலோமீற்றர் வித்தியாசமாகக் காட்டினால் பயப்பட வேண்டாம். பூமி சரியான உருண்டை அல்ல, துருவங்களில் சற்றுத் தட்டை. நடுவரையில் ஆரை 6,378, துருவத்தில் 6,357. எதை எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அரை வீதத்துக்குள் மாறும். மைல் என்று வந்தால் மட்டும் கவனியுங்கள். இதே தூரம் சாதாரண மைலில் 8,696, கடல் மைலில் 7,557. கடல் மைல் என்பது அகலாங்கில் ஒரு நிமிடம், 1,852 மீற்றர். கிளிநொச்சி 9 பாகை 23 நிமிடம், கட்டுநாயக்க 7 பாகை 11 நிமிடம், இடையே 132 நிமிடம். ஆகவே தெற்கு நோக்கி 132 கடல் மைல், பேனை இல்லாமலே கணக்கு முடிந்தது. விமானத் தொழிலில் இன்னும் கடல் மைலை விடாததற்கு இந்த வசதியும் ஒரு காரணம்.

ஏன் நேரடியாக ஒரு பிளேன் விடவில்லை என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். தூரம் ஒரு தடை அல்ல. சிங்கப்பூர்–நியூயோர்க் பறப்பு 15,300 கிலோமீற்றர், பதினெட்டு மணித்தியாலத்துக்கு மேல், அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் நீண்ட பறப்பு எண்ணெயைச் சுமக்கவே எண்ணெய் எரிக்கும். 14 மணித்தியாலப் பறப்பில் ஒரு தொன் எண்ணெயைக் கூடுதலாக ஏற்றினால், போய்ச் சேர்வதற்குள் அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் அதைச் சுமந்த கூலியாகவே தீர்ந்துவிடும். அந்தச் செலவுக்கு ஒவ்வொரு நாளும் நல்ல விலைக்கு இருக்கைகள் நிறைய வேண்டும். கொழும்புக்கும் ரொறொன்ரோவுக்கும் இடையே எங்கள் சனம் நிறையப் போய்வருகிறது, ஆனால் ஆடி மாதத் திருவிழாக் காலத்திலும் மார்கழி விடுமுறையிலும்தான் குவியும். மிச்ச மாதங்களில் காலி இருக்கைகளை யார் சுமப்பது? இது என் தொழில் அனுபவத்தில் நான் எடுக்கிற முடிவு, எந்த நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தையும் பார்த்துச் சொல்லவில்லை. அதோடு அந்த நூல் போகிற பாதையில் ஆப்கானிஸ்தானும் ரஷ்யாவும் கிடக்கின்றன. 2022 பெப்ரவரியில் கனடாவும் ரஷ்யாவும் ஒன்றுக்கொன்று வான்வழியை மூடிக்கொண்டன. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்குத் தன் வானை மூடியது. வானத்தில் வேலி இல்லை என்று பாட்டில் பாடலாம், டிஸ்பாட்ச் மேசையில் அதுதான் முதல் தலையிடி.

காற்றுக்காகவும் நாங்கள் வேண்டுமென்றே தூரப் பாதை எடுப்போம். குறுகிய பாதை வேறு, குறைந்த நேரப் பாதை வேறு. 300 கிலோமீற்றர் சுற்றிப்போனால் எதிர்க்காற்றின் நடுப்பகுதியைத் தவிர்க்கலாம் என்றால் சுற்றிப்போவதே இலாபம். பெரிய இரட்டை எஞ்சின் விமானம் மணிக்கு 6 முதல் 8 தொன் எண்ணெய் குடிக்கும். பத்து நிமிடம் மிச்சம் பிடித்தால் குறைந்தது ஒரு தொன். அத்திலாந்திக்குக்கு மேலே காற்றைப் பார்த்து ஒவ்வொரு நாளும் புதிதாகப் பாதைகளை வகுக்கிறார்கள், பகலில் மேற்கே போக ஒரு தொகுதி, இரவில் கிழக்கே வர ஒரு தொகுதி. ஆகவே அம்மாவின் பிளேன் இருக்கைத் திரையில் ஐரோப்பாவைத் தாண்டி ஐஸ்லாந்துப் பக்கம் ஏறினாலும், அதற்குத் தெற்கால் போனாலும், வழி தவறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அது எந்தப் பாதை என்பது புறப்படுவதற்குச் சில மணித்தியாலங்களுக்கு முன்புதான் முடிவாகும். இன்றைக்கே யாராவது சொன்னால் அது வெறும் ஊகம்.

அதேபோல 14.15 என்பதையும் கல்லில் வெட்டியதாக எடுக்காதீர்கள். அந்தப் பருவத்துக் காற்றின் சராசரியைப் பார்த்து, கொஞ்சம் தளர்வும் வைத்து அட்டவணை போடுகிறார்கள். காற்று குறைந்த நாளில் அரை மணித்தியாலம் முந்தி இறங்கலாம். ஜனவரி என்பதால் ரொறொன்ரோவில் பனி கொட்டினால் எல்லாக் கணக்கும் போய்விடும், ஓடுபாதையைத் துப்பரவாக்கும் வரை வானத்தில் சுற்ற வேண்டிவரும். அப்படிச் சுற்றவும் எண்ணெய் இருக்கும். போய்ச் சேரும் அளவுக்கு மேலே ஒரு சிறு வீதம், இறங்க முடியாவிட்டால் வேறொரு விமானநிலையத்துக்குப் போக ஒரு பங்கு, அதற்கும் மேலே கடைசி 30 நிமிடம். இது சட்டம். அந்தக் கடைசி அரை மணித்தியாலத்தில் கை வைக்கும் நிலை வந்தால் விமானி அபாய அறிவிப்பே கொடுக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்துப் பலாலி விமானநிலைய வழியைச் சிலர் உங்களுக்குச் சொல்லக்கூடும். 2019 ஒக்டோபரில் திறந்து, கொரோனாவோடு நின்று, 2022 டிசம்பரில் திரும்பத் தொடங்கிய சென்னைப் பறப்பு. விசுவமடுவிலிருந்து கட்டுநாயக்கவைவிடப் பலாலி எவ்வளவோ கிட்ட. பலாலி–சென்னை 356 கிலோமீற்றர்தான், ஆனாலும் ஒன்றேகால் மணித்தியாலம் எடுக்கும். கிட்டத்துப் பறப்பில் ஏறி இறங்கவே நேரம் போய்விடும், விசிறி எஞ்சின் விமானம் வேகமும் குறைவு. அம்மாவுக்கு இதை நான் சொல்லமாட்டேன். சென்னைக்கு ஒரு ரிக்கற், அங்கிருந்து இன்னொரு ரிக்கற் என்று தனித்தனியாக எடுத்தால் பெட்டியை எடுத்துத் திரும்பக் கொடுக்க வேண்டும், அதற்கு இந்திய விசா வேண்டும், முதலாவது பிந்தினால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. இளம் பிள்ளைகள் செய்யலாம்.

அம்மா தனியே போகிறார் என்றால் சக்கர நாற்காலி உதவியை இப்போதே ரிக்கற்றில் போடச் சொல்லுங்கள். நடக்க முடியாதவர்களுக்கு மட்டும் அல்ல அது. டுபாயில் வாசலுக்கு வாசல் தூரம், அறிவிப்பு விளங்காது, கூட்டிக்கொண்டு போக ஓர் ஆள் இருப்பது பெரிய ஆறுதல். பதினாலு மணித்தியாலம் ஒரே இருப்பாக இருக்காமல் இடைக்கிடை எழும்பி நடக்கச் சொல்லுங்கள். பிரஷர், சீனிக் குளிசைகளை எந்த மணிக்கூட்டைப் பார்த்துக் குடிப்பது என்பதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், வைத்தியரிடம் கேளுங்கள். நேர வித்தியாசத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் காட்டினால் அவர் சொல்லுவார்.

கடைசியாக, நான் பார்த்ததில் அதிகம் பேர் விழுகிற குழி. 18ஆம் திகதி அதிகாலை 2.55 என்றால் 17ஆம் திகதி இரவு. என் சொந்தச் சித்தப்பா ஒருவர் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, ஒரு வான் நிறையச் சனத்தோடு, ரிக்கற்றில் போட்டிருந்த திகதியன்று இரவு விமானநிலையத்துக்குப் போய் இறங்கினார். பிளேன் போய் இருபது மணித்தியாலத்துக்கு மேல் ஆகியிருந்தது. மூன்று மணித்தியாலம் முன்னே நிற்க வேண்டும் என்றால் 17ஆம் திகதி இரவு 12 மணிக்குள் உள்ளே. புத்தளத்தில் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தையும் சேர்த்து ஏழு மணித்தியாலம் பிடியுங்கள், பின்னேரம் நாலரைக்கு வான் வாசலில் நிற்க வேண்டும். அந்த நேரத்திலிருந்து ரொறொன்ரோவில் குடிவரவு முடிந்து அண்ணனைக் காணும் வரை ஏறத்தாழ 34 மணித்தியாலம். அம்மாவிடம் சொல்லவேண்டிய எண் இதுதான். திரும்பி வரும் அன்று அண்ணன் "20ஆம் திகதி ஏற்றிவிட்டேன்" என்பார், வானை 21ஆம் திகதி இரவுக்குச் சொல்லுங்கள். 8.25க்கு இறங்கிப் பெட்டி எடுத்து வெளியே வர ஒன்பதரை ஆகும், விசுவமடுவுக்கு வந்து சேர விடியப்புறம் நாலு நாலரை.